ஐந்து மாதம் தூங்கியவன்

நீ என் வேலையைப் பிடுங்கிக்கொண்டாய். தெரியாமல் நடந்துவிட்டது என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். நான் நம்பவில்லை.

படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தங்கை. எனக்கு நாத்தனார். என்னைவிட இரண்டு வயது சின்னவள். இனி அவள் என்றே எழுதுகிறேன். நேருக்கு நேர் பேசுவதுபோல எழுதினால் எனக்குக் கோபம் ஏறிவிடும், சொல்ல வேண்டியது விட்டுப்போகும்.

இரண்டு பேருக்கும் பிழைப்பு கம்ப்யூட்டர்தான். நான் வேங்கிக்காலில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம், அரிசி ஆலை, கல்யாண மண்டபம் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்போம். அவள் சென்னை கம்பெனி ஒன்றுக்கு அடி அண்ணாமலையில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மாடியில் தனி அறை, ஏசி, இரண்டு திரை, முதுகுக்குத் தகுந்தபடி வளைகிற நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் மலை. என் ஆபீசில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் டேங்க். பொறாமையா என்று கேட்டால், ஆமாம். அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்று வீட்டுக்காரர் சொன்னார். உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் பாத்திரம் வைத்த சத்தம்தான் ஜாஸ்தி.

நாங்கள் இருவரும் பயன்படுத்துவது ஒரே ஃபிரேம்வொர்க். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் வெப்சைட் கட்டுவதற்கு உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்து வைத்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விளக்கப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு ஃபங்ஷனின், அதாவது குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின், பெயர் வந்தால், அதைத் தொட்டதும் அதன் விளக்கம் இருக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பெயரைச் சுற்றி ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறியில் அதன் முழு முகவரி இருக்க வேண்டும். முகவரி கொஞ்சம் தப்பினாலும் பெயர் அப்படியே செத்துக் கிடக்கும். தொட்டால் எங்கும் போகாது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதால் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரு பள்ளிக்கூட வேலையில். அட்மிஷன் படிவம் ஒன்றுக்காக அந்தப் பக்கங்களில் ஒரு பெயரைத் தொட்டேன். போகவில்லை. மௌஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து முதலாளியிடம் புதுசு கேட்டேன். புது மௌஸிலும் போகவில்லை. அப்புறம்தான் அந்தப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். முகவரியில் நடுவில் ஒரு பகுதி இல்லை. அதே கோப்பில் இன்னும் ஏழெட்டு. அடுத்த கோப்பில் அதைவிட ஜாஸ்தி.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாரோ ஏற்கெனவே ஒரு டிக்கெட் எழுதிப் போட்டிருந்தார்கள். டிக்கெட் என்றால் இன்ன குறை இருக்கிறது, யாராவது பாருங்கள் என்கிற பொதுப் பக்கம். வேலை செய்ய நினைப்பவர் அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி. துண்டு கிடந்தால் மற்றவர்கள் உட்கார மாட்டார்கள். ஆனால் துண்டு போட்டவர் ரொம்ப நாள் வராவிட்டால், "இன்னும் நீங்கள் இதைச் செய்கிறீர்களா?" என்று அங்கேயே கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். அது அங்கே முறை.

நான் பெயர் போட்டேன். சொந்தப் பெயர் இல்லை. அங்கே எல்லாரும் ஏதோ ஒரு பெயரில்தான் உலாவுகிறார்கள். நான் வைத்துக்கொண்டது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நான் பிறந்த ஊரின் ஏரிப் பெயர், கூட ஒரு எண்.

இதில் எனக்கு என்ன கிடைக்கும் என்று வீட்டுக்காரர் கேட்டார். பணம் கிடையாது. ஆனால் தொடர்ந்து நல்ல திருத்தம் அனுப்புகிறவர்களில் ஒருவரை அவ்வப்போது, இந்த விளக்கப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆவணக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். குழுவின் பக்கத்தில் பெயர் வரும். பன்னிரண்டு வருஷமாக வெப்சைட் செய்கிறேன். ஒன்றின் அடியில்கூட என் பெயர் இல்லை, எல்லாவற்றிலும் கம்பெனி பெயர். அந்தக் குழுவில் என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை நான் யாரிடமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

மத்தியான இடைவேளைகளில் வேலை செய்தேன். வலது கையில் எலுமிச்சை சாதம், இடது கையில் மௌஸ். முதலில் குறுக்கு வழி பார்த்தேன். பெயர் எங்கே வந்தாலும் தானே குறி போட்டுவிடும்படி ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் ஒன்று எழுதி எல்லாக் கோப்பின் மேலும் ஓட்டினேன். அரை நிமிஷத்தில் முடிந்தது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கமெல்லாம் நீலம். ஒரே பத்தியில் ஒரே பெயருக்கு ஆறு இணைப்பு. ஒரு பகுதியில் முதல்முறை வரும்போது மட்டும் இணைப்புக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் வழக்கம். அதைவிட மோசம், பழைய வெளியீடுகளின் குறிப்புகளிலும் என் ஸ்கிரிப்ட் புகுந்துவிட்டது. எப்போதோ நீக்கப்பட்ட ஃபங்ஷன்களுக்கெல்லாம் குறி போட்டிருந்தது. இல்லாத வீட்டுக்கு விலாசம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கையால் ஆரம்பித்தேன்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். கொஞ்சம் முடித்ததும் கொஞ்சம் அனுப்பியிருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே மூட்டையாக அனுப்பலாம் என்று இருந்தேன். அரைகுறையாகக் காட்டி நாலு பேர் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. சமையலும் அப்படித்தான், இறக்கி வைக்கும்வரை யாரையும் மூடி திறக்க விடமாட்டேன்.

நாலாவது மாதம் ஒரு பௌர்ணமி. அவள் மாமியார் வீட்டில் கிரிவலம் போகிறவர்களுக்கு வாசலில் நீர்மோர் கொடுப்பார்கள். ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் வண்டிகளை விடாமல் ரோட்டை மறித்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்தாள்.

"ஆபீஸ்ல வேல ஜாஸ்தியா அண்ணி? ஆளே எளச்சிட்டீங்க."

"ஆபீஸ் வேல இல்ல. வேற ஒண்ணு செய்யறேன். நீயும் நானும் யூஸ் பண்றமே, அதோட டாக்குமென்ட்ல லிங்க்கெல்லாம் செத்துக் கெடக்குது. சரி பண்ணிட்டிருக்கேன்."

"அத்தனையுமா? எப்படி கண்டுபிடிக்கிறீங்க?"

"பக்கத்தையெல்லாம் சும்மா பில்டு பண்ணா ஒண்ணும் சொல்லாது. கண்டிப்போட பார்க்கச் சொல்லி ஓட்டணும். அப்ப ஒவ்வொரு தப்பா சொல்லி வரிசையா திட்டும்."

"மாமியார் மாதிரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். மோர்ப் பானைக்குப் பக்கத்திலிருந்து அவள் மாமியார் திரும்பிப் பார்த்தார். இன்னும் சிரித்தோம்.

"எதுவரைக்கும் முடிச்சிருக்கீங்க?"

"முன்னாடியிலேர்ந்து வர்றேன். பாதி தாண்டிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"எல்லாம் முடிச்சிட்டு ஒண்ணா அனுப்பணும்."

கொத்தமல்லியின் வேரைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். டிக்கெட்டில் பெயர் போட்டதைப் பற்றி நான் சொன்னேனா, இல்லையா? இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஞாபகம் இல்லை. உறுதியாகத் தெரியாததைத் தெரியும் என்று நான் எழுத மாட்டேன்.

அதற்கு இரண்டாம் நாள் டிக்கெட்டில் ஒரு கேள்வி வந்தது. "வணக்கம், இன்னும் நீங்கள் இதைச் செய்கிறீர்களா? இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று பவ்யமான ஆங்கிலத்தில். கேட்டவர் பெயர் ஏதோ ஒரு பறவைப் பெயர். நான் அதைப் பார்த்தது ஒன்பது நாள் கழித்து. அங்கிருந்து வரும் மெயில் எல்லாம் வேறு பெட்டிக்குப் போகும்படி வைத்திருந்தேன்.

பார்த்ததும் பதில் போட்டிருக்கலாம். ஒரு வரி. "ஆமாம், செய்கிறேன்." போடவில்லை. யாரோ வெள்ளைக்காரன் அவசரப்படுகிறான், காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். பதில் போட்டால் எவ்வளவு முடிந்தது, காட்டு என்பார்கள். காட்ட என்னிடம் முழுசாக முடிந்தது எதுவும் இல்லை. இது என் திமிர், ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு வாரம் போனது. ஒருநாள் பார்த்தால் என் பெயர் இருந்த இடத்தில் அந்தப் பறவை.

அப்புறம் திருத்தங்கள் வர ஆரம்பித்தன. ஒரு தடவைக்கு ஒரு அத்தியாயம். அவ்வளவுதான். குழுவில் அதைப் படிக்கிறவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்துவிடலாம். கொடுத்தார்கள். "சுத்தமான வேலை" என்று எழுதினார்கள். அடுத்தது. "மிக்க நன்றி." அடுத்தது. நான் ஒவ்வொன்றையும் திறந்து வரி வரியாகப் படித்தேன். எங்கே இணைப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்று அந்தப் பறவைக்குத் தெரிந்திருந்தது. பழைய வெளியீட்டுக் குறிப்புகளை விரலால்கூடத் தொடவில்லை. எனக்கு எரிந்தது. தப்புத் தேடினேன். ஒரு இடத்தில் கிளாஸ் என்கிற வேறு வகைப் பெயர் ஒன்றுக்கு ஃபங்ஷன் குறி போட்டிருந்தது. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஆபீசில் எல்லாருக்கும் என் காசில் சமோசா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பறவையே அதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தது.

ஒரு விஷயம் அப்போதே உறுத்தியது. அந்த ஆள் கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தான். அப்படி யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஆனால் அப்போது அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. என் பாதி மூட்டை என் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. ஒரு நாள் அவன் வேலை என் பாதியைத் தொட்டது, தாண்டியது, முதல் பக்கம்வரை போய் முடிந்தது. டிக்கெட்டை மூடினார்கள்.

மூடிய பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் எல்லாரும் இருந்தோம். மாமியார், என் வீட்டுக்காரர், நான். அவள் ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு.

"அண்ணா, வாய தொற. முதல்ல ஸ்வீட்டு, அப்புறம் விஷயம்."

"இன்னா, புரமோஷனா?" என்றார் அவர், வாய் நிறைய ஜாங்கிரியோடு.

"அதவிட பெருசு. அந்த பைத்தான் ஃபிரேம்வொர்க்ல டாக்குமென்ட் டீம்ல என்னை சேத்துட்டாங்க. பாரு, பேர் போட்டிருக்கான்." போனை நீட்டினாள். குழுவின் பக்கம். புதிதாகச் சேர்ந்தவர் என்று பறவைப் பெயர், பக்கத்தில் அவள் சொந்தப் பெயர்.

எனக்குக் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு கனத்தது.

"இன்னா பண்ண அப்படி?" என்றார் மாமியார்.

"லிங்க் எல்லாம் ஒடஞ்சி கெடந்துச்சிம்மா. எல்லாத்தையும் ஒக்காந்து ஒட்டுனேன். அதுல கூத்து கேளு. எனக்கு முன்னாடி ஒருத்தன் பேர போட்டு வச்சிக்கினு அஞ்சு மாசமா தூங்கிட்டான். ஒரு வரி அனுப்பல. எழுப்பிப் பாத்தேன். பதிலே இல்ல."

"பஸ்ல துண்டப் போட்டுட்டு டீக்கடையில நின்னுருப்பான்" என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் சிரித்தார். அவளும் சிரித்தாள். "எந்த ஊரு சோம்பேறிடா அவன்?" என்று அவரே மறுபடி கேட்டார்.

"இந்த ஊருதான்" என்றேன். "அந்தச் சோம்பேறி நான்தான்."

சிரிப்பு உடனே நிற்கவில்லை. நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார்கள். என் முகத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர்தான் முதலில் நிறுத்தினார்.

"அய்யோ அண்ணி! நீங்களா அது?" என்றாள். "சத்தியமா தெரியாதுங்க. பேரு வேற இல்ல இருந்துச்சி?"

"அந்தப் பேரு எங்க ஊரு ஏரி. எங்க கல்யாணத்துக்கு வந்தியே, எங்க பந்தி போட்டாங்க? அந்த ஏரிக் கரையிலதான். மூணு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சியே."

"பாயசம் ஞாபகம் இருக்கு. ஏரி பேரு எப்படி அண்ணி ஞாபகம் இருக்கும்?"

"பௌர்ணமியன்னிக்கு உன்கிட்ட சொன்னேனா இல்லையா, நான்தான் செய்யறேன்னு?"

"சொன்னீங்க. நீங்க தனியா ஏதோ செய்யறீங்கன்னு நெனச்சேன். டிக்கெட் எடுத்தது நீங்கன்னு சொல்லலையே."

"அப்ப ஏன் கடைசியிலேர்ந்து ஆரம்பிச்ச? நான் முன்னாடியிலேர்ந்து வர்றேன்னு சொன்னதாலதான?"

அவள் போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "கடைசி அத்தியாயம் சின்னதா இருந்துச்சி அண்ணி. அதான்" என்றாள்.

மாமியார் எழுந்துகொண்டார். "கம்ப்யூட்டர்ல இன்னாடி சண்ட, சொத்தா பிரிக்கிறீங்க? ரெண்டு பேரும் ஜாங்கிரி சாப்பிடுங்க." நான் சாப்பிடவில்லை. அவள் போன பிறகு, யாரும் பார்க்காதபோது ஒன்று சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் எரிந்தது.

பிறகு நான் அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். சின்னது இல்லை. நடுத்தரம். அதைவிடச் சின்னவை முன்னால் நாலைந்து உண்டு.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். தெரிந்தே கடைசியிலிருந்து வந்திருந்தால், என் பாதியை நான் அனுப்பட்டும் என்று எனக்கு விட்டு வைத்து வந்தாளா? அப்படியானால் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? கேள்வி கேட்டதற்கும் டிக்கெட் மூடியதற்கும் நடுவில் மூன்று முறை நேரில் பார்த்தோம். ஒரு காதுகுத்து, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு தீபாவளி. என் கையால் சுட்ட வடையைச் சாப்பிட்டாள். "அண்ணி, அந்த வேல இன்னா ஆச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவமானம். அவளுக்கு என்ன?

ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் என்னைக் கேட்கத் தெரிந்தது. அடுப்படியில் கேட்கத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் தூது வந்தார். தங்கை போனில் அழுதாளாம்.

"உன் பேரையும் எங்கனா சேக்கறேன்னு சொல்றா. அவங்ககிட்ட தனியா மெயில் போட்டு கேக்கறேன்றா."

"தனியா எதுக்கு?"

"எல்லார் முன்னாடியும் கேட்டா அசிங்கமா இருக்கும்ல."

"யாருக்கு அசிங்கம்? அஞ்சு மாசம் தூங்கிட்டான்னு நீங்க மூணு பேரும் சிரிச்சப்ப யாருக்கு அசிங்கமா இருந்துச்சி?"

"நீயும் ஒரு வரி பதில் போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். போடல. அது என் தப்பு. நான் செஞ்ச தப்ப நான் எழுதறேன். அவ செஞ்சத அவ எழுதட்டும்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அண்ணன் தங்கைக்கு நடுவில் நான் வந்துவிட்டேன் என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். அவர்கள் வீட்டுப் பெண் கெட்டிக்காரி என்பது எனக்கும் தெரியும். என் மூட்டையை நான் அனுப்பியிருந்தால் இவ்வளவு பெரியதைப் படிக்க முடியாது, பிரித்து அனுப்பு என்று திருப்பியிருப்பார்கள். அவள் வேலை என் வேலையைவிட நல்ல வேலை. இதை எழுதுவதற்கு எனக்கு ரெண்டு நாள் ஆனது. அந்தக் குழுவில் உட்கார அவளுக்குத் தகுதி உண்டு. அந்த இடத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. இனி யார் கொடுத்தாலும் அது என்னுடையதாகாது.

நேற்று மத்தியானம் ஆபீசிலிருந்து அந்தப் பழைய டிக்கெட்டைத் திறந்தேன். மூடிய டிக்கெட்டிலும் எழுதலாம். என் சொந்தப் பெயரைப் போட்டேன். முதல் பாதியைக் கையால் முடித்து வைத்திருந்தேன், அனுப்பவில்லை, கேள்வியைப் பார்த்தும் பதில் சொல்லாமல் இருந்தேன், தப்பு என்னுடையது என்று எழுதினேன். இங்கே என்னிடம் கேள்வி கேட்டவர் என் நாத்தனார், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைதான் இருக்கிறது என்றும் எழுதினேன். யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார். போடட்டும்.

இனி உன்னிடம் பேசுகிறேன். உன் அண்ணனை அனுப்பாதே. ஜாங்கிரியோடு வராதே. எனக்குத் தனியாக மெயில் போடாதே, போட்டாலும் திறக்க மாட்டேன். ஆங்கிலத்தில் அவ்வளவு மரியாதையாகக் கேள்வி கேட்டாயே, அந்த இடத்தில், அதற்குக் கீழேயே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. அந்தக் கேள்வியை எழுதியபோது, படிக்கப்போவது நான்தான் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?